ஒற்றைப்படைத் தாளத்துக்கு ஒரு வீடு

டோவர் துறைமுகத்திலிருந்து கேன்டர்பரி போகும் வழியில் லிட்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே வெலிங்டன் ஹவுஸ் என்ற பழைய பெரிய வீட்டில் ஹானர் வயட் என்ற அம்மாள் குடும்பத்தோடு இருந்தார். பத்திரிகையில் எழுதுபவர், பி.பி.சி.யிலும் வேலை பார்த்தவர். கணவர் நோயில் விழுந்துவிட்டார். பதினான்கு அறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சிலவற்றை வாடகைக்கு விட்டார். 1960களின் தொடக்கத்தில் வந்த குடித்தனக்காரர்களில் ஒருவர் டேவிட் ஆலன். ஆஸ்திரேலியர், கவிஞர், கூடவே ஒரு குவியல் ஜாஸ் இசைத்தட்டு கொண்டுவந்தவர். இன்னொருவர் ஜார்ஜ் நைடார்ஃப், அமெரிக்காவிலிருந்து வந்த டிரம்ஸ்காரர். வீட்டுப் பையன் ராபர்ட் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவனுக்கு டிரம்ஸ் சொல்லிக்கொடுத்தது இந்தக் குடித்தனக்காரர்தான்.

ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று என்ற எண்ணிக்கைகள் ஆங்கில ராக் பாட்டுக்குள் எப்படி வந்தன என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் ஸ்ட்ராவின்ஸ்கி, பார்டோக், பிரூபெக் என்று பெரிய பெயர்களாக அடுக்குவார்கள். அந்தப் பெயர்களில் தப்பில்லை. ஆனால் அவர்கள் இசைத்தட்டைக் கேட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஏழில் பாட்டுக் கட்டியவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேருக்கும் பொதுவாக இருந்தது ஒரு வீடு. மணிக்கணக்காகச் சத்தம் போடலாம், மணி பார்த்து யாரும் கதவைத் தட்டமாட்டார்கள் என்ற மாதிரி வீடு. நான் இந்த வரலாற்றை வீடுகளின் வரலாறாகத்தான் படிக்கிறேன்.

காசு வாங்கி வாசிக்கிறவன் நாலை விடமாட்டான். அன்றைய இங்கிலாந்தில் ஒரு குழு பிழைக்க வேண்டுமென்றால் ஊர் மண்டபத்தில் சனிக்கிழமை நடனத்துக்கு வாசிக்க வேண்டும். ஆடுகிறவனுக்கு இரண்டு கால். அவன் கால் நாலு எண்ணிக்கையில் பழகியது, ரொம்பப் போனால் வால்ட்ஸுக்கு மூன்று. ஏழில் வாசித்தால் மூன்றாவது சுற்றில் கூட்டம் நின்றுவிடும். அடுத்த வாரம் மண்டபக்காரர் வேறு குழுவைக் கூப்பிடுவார். நம் ஊர்க் கல்யாண மெல்லிசைக் குழுக்களுக்கும் இதே சட்டம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே ஒற்றைப்படை எண்ணிக்கையைத் தொட வேண்டுமானால் ஒருவன் பெரிய பெயர் எடுத்து, யாரையும் கேட்க வேண்டாத நிலைக்கு வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிழைப்பைப் பற்றிய கவலையே இல்லாத பொழுதுபோக்குக்காரனாக இருக்க வேண்டும்.

முதல் வகைக்கு உதாரணம் டேவ் பிரூபெக். 1958இல் அமெரிக்க அரசு அவருடைய நால்வர் குழுவை நாடு நாடாக அனுப்பியது, இந்தியாவுக்கும் வந்தார்கள். வழியில் இஸ்தான்புல் தெருவில் சிலர் ஒன்பதில் வாசிப்பதைக் கேட்டார். மூன்று மூன்று மூன்று என்று பிரிகிற ஒன்பது அல்ல. தக தக தக தகிட. அதிலிருந்து பிறந்தது ‘புளூ ரோண்டோ ஆ லா டர்க்’. 1959இல் வந்த ‘டைம் அவுட்’ தட்டில் அதோடு பால் டெஸ்மண்ட் எழுதிய ‘டேக் ஃபைவ்’வும் இருந்தது. நம் கண்ட சாப்பில் தக தகிட என்று இரண்டு முன்னால் வரும். டெஸ்மண்டின் ஐந்தில் தகிட தக என்று மூன்று முன்னால் வரும். கம்பெனிக்காரர்கள் தயங்கித்தான் வெளியிட்டார்கள். பிறகு அது விற்ற விற்பனை ஊருக்கே தெரியும். டெஸ்மண்ட் 1977இல் இறக்கும்போது அந்தப் பாட்டின் ராயல்டியை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார்.

அதற்கும் முன்னால் குஸ்தாவ் ஹோல்ஸ்ட். ‘பிளானெட்ஸ்’ என்ற தொகுப்பில் செவ்வாய்க்கு ஐந்து எண்ணிக்கை கொடுத்தவர். அவருக்குச் சோறு போட்ட வேலை லண்டனில் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு வாத்தியார். அந்தப் பள்ளி 1913இல் இசைக்கென்று தனிக் கட்டடம் கட்டி, அதில் வெளிச்சத்தம் நுழையாத அறை ஒன்றை அவருக்கு ஒதுக்கியது. வாத்தியார் வேலை போக மிஞ்சிய நேரத்தில் அந்த அறையில் உட்கார்ந்துதான் எழுதினார். ஐந்துக்கு அறை கொடுத்தது ஒரு பள்ளிக்கூடம்.

கேன்டர்பரிக்குத் திரும்புவோம். சைமன் லாங்டன் ஆண்கள் பள்ளியில் ராபர்ட் வயட்டோடு படித்தவர்கள் ஹியூ ஹாப்பர், அவர் அண்ணன் பிரையன், மைக் ராட்லெட்ஜ். பள்ளி விட்டால் லிட்டன் வீடு. டேவிட் ஆலனின் தட்டுகளைக் கேட்பதும், கேட்டதை வாசித்துப் பார்ப்பதும்தான் வேலை. 1964இல் ‘வைல்ட் ஃபிளவர்ஸ்’ என்று ஒரு குழு சேர்ந்தது. ஆஸ்கார் வைல்டின் பெயரை உள்ளே நுழைத்த குறும்பு குழுவில் இருந்த கெவின் ஏயர்ஸுடையது. 1965 ஜனவரியில் விட்ஸ்டபிள் என்ற கடலோர ஊரின் ஓட்டல் ஒன்றில் முதல் மேடை. அந்தக் குழு உயிரோடு இருந்தவரை ஒரு தட்டுகூட வெளியிடவில்லை. நடனத்துக்குத்தான் வாசித்தார்கள், நாலில்தான் வாசித்தார்கள். ஆனால் இடையில் பையன்கள் சொந்தமாகப் பாட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ஹியூ ஹாப்பர் அப்போது எழுதிய ‘மெமரீஸ்’ என்ற பாட்டை 1982இல் ‘மெட்டீரியல்’ குழுவின் தட்டில் ஒரு இளம்பெண் பாடினார். பெயர் விட்னி ஹூஸ்டன். அவருடைய சொந்தத் தட்டு வெளிவர இன்னும் மூன்று வருடம் இருந்தது.

வைல்ட் ஃபிளவர்ஸ் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை 1966இல் ‘சாஃப்ட் மெஷின்’. வில்லியம் பரோஸின் நாவல் பெயர் அது. வைத்துக்கொள்ளலாமா என்று ஆலன் அவரிடமே கேட்டு வாங்கினார். இன்னொரு கிளை 1968இல் ‘காரவன்’. காரவன்காரர்களுக்கு வெலிங்டன் ஹவுஸ் மாதிரி ஒன்றும் கிடைக்கவில்லை. கிரேவ்னி என்ற கிராமத்துப் பொது மண்டபத்தில் பயிற்சி செய்தார்கள். வாடகைக்குப் பணம் இல்லாததால் வெளியே கூடாரம் அடித்துத் தூங்கினார்கள். மூன்று வருடத்தில் ‘இன் த லேண்ட் ஆஃப் கிரே அண்ட் பிங்க்’ வந்தது, அதன் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. அந்தத் தட்டு இன்றும் அச்சில் இருக்கிறது.

சாஃப்ட் மெஷினில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடியவர் ராபர்ட் வயட். தாளம் போடுகிறவனே பாடினால் ஒரு வசதி: வார்த்தை எங்கே முடிகிறதோ அங்கே சுற்றை முடித்துக்கொள்ளலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். 1969இல் வந்த இரண்டாவது தட்டில் ஆங்கில நெடுங்கணக்கையே பாட்டாகப் பாடியிருக்கிறார், பிறகு அதையே தலைகீழாகவும். அதே வருடம் பி.பி.சி.க்காக ‘மூன் இன் ஜூன்’ பாடப் போனபோது பழைய வார்த்தைகளை எடுத்துவிட்டு அந்தக் கட்டடத்தில் டீ மெஷின் இருக்கும் இடத்தைப் பற்றிப் பாடினார். இவ்வளவு அலட்சியமாக ஒருவர் பாடும்போது பின்னால் ராட்லெட்ஜின் ஆர்கன் ஏழிலும் ஒன்பதிலும் பதினொன்றிலும் ஓடும். கேட்கிறவனுக்குக் கணக்கு கண்ணில் படாது. வித்தை அதுதான்.

1970 ஆகஸ்ட் 13 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பி.பி.சி.யின் புராம்ஸ் கச்சேரி வரிசையில் சாஃப்ட் மெஷின் வாசித்தது. அந்த மேடையில் ஒரு ராக் குழு ஏறியது அதுதான் முதல் தடவை. முன்னதாக வயட் புகை பிடிக்கப் பின்பக்கம் வெளியே வந்திருக்கிறார். திரும்பிப் போகப் பார்த்தால் வாயிற்காவலர் விடவில்லை. நான் உள்ளே வாசிக்க வேண்டும் என்கிறார் இவர். உள்ளே ஒழுங்கான சங்கீதம் மட்டும்தான் நடக்கும் தம்பி, போ என்கிற பாணியில் பதில் வந்ததாம். வயட்டே சொன்ன கதை. கொஞ்சம் மெருகு போட்டிருக்கலாம், ஆனாலும் எனக்குப் பிடித்த கதை.

இங்கே என் சொந்தக் கதையை ஓரமாகச் சொல்லிக்கொள்கிறேன். நான் சின்ன வயதில் கும்பகோணத்தில் மிருதங்கம் கற்று, அரங்கேற்றம் வரை போகாமல் வங்கி வேலைக்கு வந்தவன். என் வாத்தியார் விரலில் எண்ணினால் கையில் ஒன்று வைப்பார். “வாயில சொல்லுடா. எண்ணினா தப்பும், சொன்னா தப்பாது” என்பார். தகிட தகதிமி, தகிட தகதிமி என்று தெரு நெடுக முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வருவேன். மிஸ்ர சாப்பு எனக்குக் கணக்காக வரவில்லை, பேச்சாக வந்தது.

பிற்பாடு மேற்கு மாம்பலத்தில் வேலை முடிந்த சாயங்காலங்களில் நாங்கள் நாலு பேர் ஒரு மொட்டை மாடியில் கூடுவோம். ஒருவன் ஆர்மோனியம், ஒருவன் கிடார், ஒருவன் பாட்டெழுதிப் பாடுவான், எனக்குத் தபேலா. யாருக்கும் மேடை ஆசை கிடையாது. பாட்டுக்காரன் கொண்டுவந்த ஒரு பல்லவி தானாகவே ஏழில் விழுந்தது. கிடார்க்காரனுக்கு அது ஒத்துக்கொள்ளவே இல்லை. சினிமாப் பாட்டு வாசித்துப் பழகிய கை. ஏழு முடிந்ததும் எட்டாவதாக ஒரு தட்டு தட்டிவிடும்.

“டேய், மூச்சு விட ஒரு இடம் வேண்டாமாடா?” என்பான்.

“வார்த்தை முடிஞ்சுபோச்சே, அப்புறம் எதுக்கு இடம்?” என்பான் பாட்டுக்காரன்.

இருவரும் சரிதான். அந்த எட்டாவது தட்டைச் சேர்த்தால் பாட்டு சௌகரியமாக இருந்தது, ஆனால் பல்லவி செத்துவிட்டது. கடைசியில் கிடாரைக் கீழே வைக்கச் சொல்லி, வரியை அவனையே பேசச் சொன்னோம். பாட வேண்டாம், சண்டை போடுகிற மாதிரி பேசு என்றோம். பேசினான், பேசிக்கொண்டே வாசித்தான், எட்டு காணாமல் போயிற்று. கொஞ்ச நாளில் வீட்டுக்காரர் மாடிக் கதவைப் பூட்டிவிட்டார். வற்றல் காயப்போட இடம் வேண்டுமாம். குழுவும் அதோடு சரி.

வார்த்தையிலிருந்து தாளம் பிறப்பது நமக்குப் புதிதல்ல. அருணகிரிநாதரின் திருப்புகழ் முழுக்கச் சந்தம். குறிலும் நெடிலும் எப்படி விழுகிறதோ அதைப் பார்த்துத்தான் பாடுகிறவர் தாளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் நமக்கு அப்படிக் கண்டுபிடித்ததை வைக்க அலமாரி இருக்கிறது. கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்று பெயர் இருக்கிறது, சொல்லிப் பழகச் சொற்கட்டு இருக்கிறது. ஆங்கிலப் பையன்களுக்கு இதெல்லாம் கிடையாது. நோட்டேஷன் படிக்கத் தெரிந்தவன் குழுவுக்கு ஒருவன் இருந்தால் அதிகம். மற்றவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணினார்கள். ஆங்கிலத்தில் பத்துக்குள் ஏழு என்ற எண் மட்டும் இரண்டு அசை, மற்ற எண்ணெல்லாம் ஓரசை. வேகமாக எண்ணினால் அந்த இடத்தில் நாக்கு தடுக்கும். திரும்பத் திரும்ப வாசித்து உடம்பில் ஏற்றுவதைத் தவிர வழியில்லை. அதற்கு நேரம் வேண்டும். நேரத்துக்கு வீடு வேண்டும்.

எண்ணிக்கையைப் பற்றியே பாட்டெழுதிய பிள்ளைகளும் உண்டு. லண்டனில் சிட்டி ஆஃப் லண்டன் பள்ளி மாணவர்கள் மூன்று பேர்: டேவ் ஸ்டூவர்ட், மாண்ட் கேம்பல், ஸ்டீவ் ஹில்லேஜ். ‘மெலடி மேக்கர்’ பத்திரிகை விளம்பரம் மூலம் கிளைவ் புரூக்ஸ் என்ற டிரம்ஸ்காரர் வந்து சேர, 1968இல் ‘யூரியல்’ என்று ஒரு குழு. அந்தக் கோடைக்கு வைட் தீவில், ரைட் என்ற ஊரின் ஓட்டலில் தங்கி வாசித்தார்கள். விடுமுறை முடிந்ததும் ஹில்லேஜ் கல்லூரிக்குப் போய்விட்டார். எங்கே என்று நினைக்கிறீர்கள்? கேன்டர்பரியில் உள்ள கென்ட் பல்கலைக்கழகம். கிடார் போனதும் மிச்ச மூவர் ஆர்கன், பேஸ், டிரம்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு ‘எக்’ என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள்.

கேம்பலுக்கு ஸ்ட்ராவின்ஸ்கிப் பைத்தியம். 1969இல் எக் வெளியிட்ட முதல் சிங்கிளின் பெயர் ‘செவன் இஸ் எ ஜாலி குட் டைம்’. தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது: ஏழில் அமைந்த பாட்டு, ஏழைப் பற்றிய பாட்டு. நாலு அலுத்துப்போன பையன்கள் புது எண்ணைக் கண்டுபிடித்த குதூகலம் அதில் அப்படியே இருக்கிறது. ஸ்டூவர்டுக்கு அப்போது பதினெட்டு வயது. முதல் நீள்தட்டின் உறையில் இது ஆடுவதற்கான இசை அல்ல, கேட்பதற்கான இசை என்று எச்சரிக்கையே அச்சிட்டார்கள். பதினெட்டு வயதில்தான் அப்படி எழுத முடியும். விற்பனை சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

எக்கின் பாட்டுகளில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. எண் முன்னால் வந்து நிற்கும், பாட்டு பின்னால் நிற்கும். கோர்வைக்காகவே தனி ஆவர்த்தனம் வாசிக்கிற சில இளம் மிருதங்கக்காரர்களிடமும் இதே கோளாறைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சிங்கிள் மட்டும் விதிவிலக்கு. அங்கே எண்ணே கதாநாயகன், ஆகவே முன்னால் நிற்கலாம்.

கூட்டாகப் பாட்டெழுதியது என்று பார்த்தால் எல்லாரையும்விட ஆழமாகப் போனவர்கள் ‘ஜெனிசிஸ்’. சர்ரே மாவட்டத்தில் கோடல்மிங் ஊருக்குப் பக்கத்தில் சார்ட்டர்ஹவுஸ் என்ற பணக்கார விடுதிப் பள்ளி. அங்கே இரண்டு மாணவர் குழுக்கள். ஒன்றில் டோனி பாங்க்ஸும் பீட்டர் கேப்ரியலும், மற்றதில் மைக் ரதர்ஃபோர்டும் ஆண்டனி பிலிப்ஸும். பள்ளி இவர்களை ஊக்குவித்தது என்று நினைக்க வேண்டாம். ரதர்ஃபோர்டின் விடுதி மேற்பார்வையாளர் கிடார் என்றாலே கலகம் என்று எண்ணி அதைத் தடை செய்திருந்தார். 1967இல் இரண்டு குழுவும் ஒன்றாகின. இவர்களுக்கு மேடை ஏறும் எண்ணமே முதலில் இல்லை; பாட்டு எழுதி வேறு பாடகர்களுக்கு விற்க வேண்டும் என்பதுதான் திட்டம். அதே பள்ளியின் பழைய மாணவர் ஜோனதன் கிங் உதவியில் 1969 மார்ச்சில் முதல் தட்டு வந்தது. பெயரில் ‘ஜெனிசிஸ்’, ‘ரெவலேஷன்’ என்ற பைபிள் பெயர்கள் இரண்டும் இருந்ததால் கடைக்காரர்கள் பக்திப் பாட்டு வரிசையில் வைத்துவிட்டார்கள். சுமார் 650 பிரதி விற்றதாகச் சொல்வார்கள்.

வேறு யாராக இருந்தாலும் கடையைக் கட்டியிருப்பார்கள். இவர்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. நண்பர் ரிச்சர்ட் மக்ஃபெயிலின் பெற்றோருக்கு டார்க்கிங் பக்கத்தில் கிறிஸ்துமஸ் காட்டேஜ் என்று ஒரு குடில் சும்மா கிடந்தது. 1969 இலையுதிர் காலத்திலிருந்து 1970 வசந்தம் வரை அங்கேயே தங்கி நாள் முழுக்க வாசித்தார்கள். அக்கம்பக்கம் கிடையாது, பொழுதுபோக்கு கிடையாது. ஒருவர் கொண்டுவந்த துண்டோடு இன்னொருவர் துண்டை ஒட்டுவது, ஒட்டாவிட்டால் நடுவில் ஒரு பாலம் எழுதுவது என்று அங்கே பிடித்த பழக்கம்தான் பிறகு அவர்கள் பாணி ஆயிற்று. அளவு வேறான இரண்டு துண்டுகளை ஒட்டும்போது தையல் தெரியாமல் இருக்க ஒரு எண்ணிக்கையை வெட்டவோ சேர்க்கவோ வேண்டியிருக்கும். அப்படித்தான் ஐந்தும் ஏழும் உள்ளே வந்தன, திட்டம் போட்டு அல்ல. எழுதியவர் பெயரும் தனித்தனியாகப் போடவில்லை; எல்லாப் பாட்டும் எல்லோருடையது. தனித்தனிப் பெயர் போட்டது 1976இல்தான், கேப்ரியல் விலகிய பிறகு.

1970இல் புது டிரம்ஸ்காரருக்கு விளம்பரம் கொடுத்தார்கள். தேர்வு நடந்தது கேப்ரியலின் பெற்றோர் வீட்டில். கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்ட ஒரு பையனை, நேரம் இருக்கிறது, நீச்சல் குளத்தில் இறங்கிக் குளித்துக்கொண்டிரு என்றார்கள். தண்ணீரில் கிடந்தபடியே அவன் மற்றவர்கள் வாசிப்பதைக் காதில் வாங்கிக்கொண்டான். தன் முறை வந்தபோது எல்லாம் மனப்பாடம். பில் காலின்ஸ் குழுவில் சேர்ந்தது இப்படி.

இனி 1972இல் வந்த ‘ஃபாக்ஸ்ட்ராட்’ தட்டு, அதில் 23 நிமிடத்துக்கு நீளும் ‘சப்பர்ஸ் ரெடி’, அதன் கடைசிப் பகுதிக்கு முன் வரும் ‘அபாகலிப்ஸ் இன் 9/8’. தலைப்பிலேயே தாளத்தை எழுதிவைத்திருக்கிறார்கள். ஒன்பது என்றால் மேற்கத்தியக் காது மூன்று மூன்றாகப் பிரிக்கும். நம் சங்கீர்ண சாப்பில் நாலும் ஐந்தும், தகதிமி தகதகிட. இவர்கள் பிரித்தது மூன்று, இரண்டு, நாலு: தகிட தக தகதிமி. தொடையில் தட்டிப் பாருங்கள். நடுவில் வரும் அந்தத் தக காலை இழுத்துவிடும், பின்னால் வரும் தகதிமி சமாதானப்படுத்தும். ரதர்ஃபோர்டின் பேஸில் அதிகம் போனால் மூன்று சுரம். அதுவும் டிரம்ஸும் இந்த ஒன்பதை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டு போகின்றன. மேலே பாங்க்ஸின் ஆர்கன் ஒன்பதைக் கண்டுகொள்வதே இல்லை. கீழே நடப்பதைக் கவனிக்காமல், தன் வாக்கியம் எங்கே முடிகிறதோ அங்கே முடித்து, நாலில் போகிற மாதிரியே போகிறது. நம் வித்வான் என்றால் எடுப்பையும் முடிப்பையும் கணக்குப் போட்டுச் சமத்தில் கொண்டுவந்து இறக்குவார். பாங்க்ஸிடம் அந்தக் கணக்கு கிடையாது. காது சொன்னபடி போய், கடைசியில் கீழே உள்ளவர்களோடு சேர்ந்துகொள்கிறார். கர்நாடகக் காதுக்கு இது முதலில் அத்துமீறலாகப் படும். கேட்கக் கேட்க, அந்தச் சேராமைதான் பிரளயத்தின் பயம் என்று புரியும்.

அந்தப் பகுதி வாத்தியத்துக்கு மட்டும் என்றுதான் பாங்க்ஸ் நினைத்திருந்தார். ஆர்கன் உச்சத்துக்கு ஏறுகிற இடத்தில் கேப்ரியல் வந்து பாட ஆரம்பித்துவிட்டார். என் இடத்தில் இவன் என்ன பாடுகிறான் என்று முதலில் எரிச்சல் பட்டதாகவும், முழுதாகக் கேட்டபோது மெய்சிலிர்த்துப் போனதாகவும் பாங்க்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரே ஆள் உட்கார்ந்து எழுதியிருந்தால் அந்த இடம் கிடைத்திருக்காது.

பெரிய மேடைக்காரர்களிடமும் வீட்டு வேலைதான் விஷயம். பிங்க் ஃபிளாய்டின் ‘மணி’ ஏழில் ஓடும் பாட்டு. ஆரம்பத்தில் காசு குலுங்கும், காகிதம் கிழியும், கல்லாப்பெட்டி திறக்கும். எண்ணிக்கைக்கு ஒன்றாக ஏழு சத்தம், ஒரே நீளத்தில் வெட்டி ஒட்டிய டேப் வளையம். ரோஜர் வாட்டர்ஸ் முதலில் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில், மனைவி களிமண் குழைக்கும் பாத்திரத்தில் காசை வீசிப் பதிவு செய்தார். கிடார் தனி வாசிப்பு வரும்போது மட்டும் குழு நாலுக்கு இறங்கிவிடும், முடிந்ததும் மறுபடி ஏழு. பீட்டில்ஸின் ‘ஆல் யூ நீட் இஸ் லவ்’ சரணமும் பெரும்பாலும் ஏழுதான். 1967 ஜூன் 25 அன்று பல நாடுகளுக்கு நேரடியாக ஒளிபரப்பான பாட்டு. அன்று கூடப் பாடியவர்களில் எத்தனை பேர் அதை எண்ணியிருப்பார்கள்?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வீடுகள் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. சார்ட்டர்ஹவுஸ் பையனுக்குப் பெற்றோரின் குடிலும் நீச்சல் குளமும் இருந்தன. அதே வயதில் லிவர்பூல் துறைமுகத்திலும் பர்மிங்காம் ஆலையிலும் வேலைக்குப் போன பையனுக்கு ராத்திரி இரண்டு மணி நேரம் கிடைத்தால் பெரிது. அந்த இரண்டு மணியில் அவன் நாலைத்தான் வாசிப்பான், சனிக்கிழமை கூலி அதற்குத்தான். ஒற்றைப்படைத் தாளம் அறிவாளிகளின் இசை என்று அந்த நாட்டுப் பத்திரிகைகள் பிற்பாடு கேலி செய்தன. அறிவு எங்கும் இருந்தது. ஓய்வுதான் சில வீடுகளில் மட்டும் இருந்தது. காரவன் அடித்த கூடாரங்களை நான் அதிகம் மதிப்பது இதனால்தான்.

ராபர்ட் வயட் 1973 ஜூன் மாதம் ஒரு விருந்தில் ஜன்னலிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். டிரம்ஸ் போயிற்று, குரல் இருந்தது. அடுத்த வருடமே ‘ராக் பாட்டம்’ என்ற அருமையான தட்டைக் கொடுத்தார். ஜெனிசிஸின் முதல் டிரம்ஸ்காரர் கிறிஸ் ஸ்டூவர்ட் ஸ்பெயினில் மலைப்பக்கம் நிலம் வாங்கி விவசாயியானார். அந்த அனுபவத்தை 1999இல் புத்தகமாக எழுதினார், அது நன்றாக விற்றது. ஏழைக் கொண்டாடிய எக் குழுவின் கிளைவ் புரூக்ஸ், பிங்க் ஃபிளாய்டின் நிக் மேசனுக்கு டிரம்ஸ் பொருத்திச் சுருதி கூட்டித் தரும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தார். 2017இல் காலமானார்.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள் ‘சப்பர்ஸ் ரெடி’யில் ஆரம்பிக்க வேண்டாம், பொறுமை போய்விடும். எக்கின் அந்தச் சின்னப் பாட்டில் ஆரம்பியுங்கள். அடுத்து காரவன், பிறகு சாஃப்ட் மெஷினின் மூன்றாவது தட்டு. தாளம் தப்புகிறதே என்று தோன்றினால் எண்ணாதீர்கள், வாயால் சொல்லிப் பாருங்கள். மொட்டை மாடிச் சாவி உங்கள் கையில் இருந்தால், பக்கத்து வீட்டுப் பையன்கள் கிடாரோடு வந்து கேட்கும்போது கொடுத்துவிடுங்கள். வற்றலை இன்னொரு நாள் காயவைக்கலாம்.